எலியை முதலில் சொன்னது யார்?

சேலத்துக்காரன்:
"1993இல் அமெரிக்கப் பழங்குடியான நவஹோ மக்களின் மண்ணில் வந்த மர்ம நோயைக் கண்டுபிடித்தது ஒரே ஆள், டாக்டர் புரூஸ் டெம்பெஸ்ட்" என்று நேற்று வெண்ணிலா எழுதியிருந்தார். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. அதற்கு எலிதான் காரணம் என்று முதலில் சொன்னது நவஹோ பெரியவர்கள். மழை கூடினால் பின்யோன் என்ற பைன் மரத்தின் கொட்டை நிறையக் காய்க்கும், எலி பெருகும், சாவு வரும் என்றார்கள். 1918, 1933 என்று ஆண்டோடு சொன்னார்கள்.

வெண்ணிலா:
நான் எலியைப் பற்றி எழுதவே இல்லை. கட்டிக்கொள்ள இருந்த பெண்ணின் இறுதிச் சடங்குக்குப் போகும் வழியில், நல்ல ஓட்டக்காரனான ஒரு இளைஞன் மூச்சுத் திணறி இறந்தான். அவளும் அப்படித்தான் இறந்திருந்தாள். நியூ மெக்சிகோ மாநிலத்தின் கேலப் ஊரில் இருந்த டெம்பெஸ்ட் போனை எடுத்து மற்ற மருத்துவர்களை விசாரித்தார். சில மணி நேரத்தில் இதே மாதிரி ஐந்து சாவு தெரியவந்தது. அந்த விசாரிப்பு இல்லையென்றால் ஒவ்வொன்றும் தனித்தனி நிமோனியா என்றே போயிருக்கும்.

சேலத்துக்காரன்:
போன் சரி. எலி?

லேப்மணி:
எலிகளிடமிருந்து பரவும் ஹண்டா வைரஸ் என்று ரத்தத்தில் கண்டது அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு மையமான சிடிசியின் ஆய்வகம். மான் எலி என்ற காட்டு எலிகளைப் பொறி வைத்துப் பிடித்துச் சோதித்தார்கள். சொல்வது வேறு, நிரூபிப்பது வேறு.

சேலத்துக்காரன்:
நான் கேட்டது "முதலில்". எலி பட்ட துணியை எரித்துவிட வேண்டும் என்பது அங்கே காலங்காலமாகச் சொல்லி வருவது. நவஹோ மருத்துவர் பென் முனேட்டாவே பாரம்பரிய வைத்தியரைத் தேடிப்போய்க் கேட்டார்.

வெண்ணிலா:
முனேட்டாவும் டாக்டர்தானே! போய்க் கேட்க ஒரு டாக்டர் வேண்டியிருந்தது.

மழைக்காகம்:
பத்திரிகைகள் அதை "நவஹோ காய்ச்சல்" என்று எழுதின. லாஸ் ஏஞ்சலஸுக்கு வரச் சொல்லியிருந்த நவஹோ பள்ளிப் பிள்ளைகளை வர வேண்டாம் என்று தடுத்தார்கள். அதைப் பற்றி யாருக்கும் கோபம் வரவில்லையா?

லேப்மணி:
அதற்குத் தனி இழை தொடங்குங்கள். இங்கே பேச்சு ஆய்வகத்தைப் பற்றி.

சேலத்துக்காரன்:
ஆய்வகத்தைப் பற்றி இல்லை, எலியைப் பற்றி.

வெண்ணிலா:
போன மாதம் காசநோய் விவாதத்திலும் இப்படித்தான் ஒரே வரியைப் பிடித்துக்கொண்டு யாரையும் பேச விடவில்லை நீங்கள்.

சேலத்துக்காரன்:
அங்கேயும் நவஹோ தலைவி ஆனி வானேகா ஹோகன் ஹோகனாக (நவஹோ வீடு) ஏறி இறங்கி நோயாளிகளிடம் பேசியதை விட்டுவிட்டு டாக்டர்களை மட்டும் எழுதினீர்கள். நான் மறக்கவில்லை. எலிக்கு இன்னும் பதில் வரவில்லை.