ரெண்டு போட்டும் கிழிந்துவிட்டது, என்ன தப்பு செய்தேன்?

வேளச்சேரி புதுமாப்பிள்ளை:
கல்யாணமாகி மூன்று மாதம். மனைவி படித்துக்கொண்டிருக்கிறாள், அதனால் ஒரு வருஷத்துக்குக் குழந்தை வேண்டாம் என்று பேசி வைத்திருக்கிறோம். நேற்று ராத்திரி ஆணுறை கிழிந்துவிட்டது. நண்பன் பேச்சைக் கேட்டு, கூடுதல் பாதுகாப்பு என்று இரண்டு போட்டிருந்தேன், இரண்டுமே போச்சு! அவளுக்கு எரிகிறது என்றாள், கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவியிருந்தோம். அம்மா கண்ணில் படக்கூடாதே என்று பாக்கெட்டை வண்டி சீட்டுக்கு அடியில்தான் வைப்பேன். சரக்கு மட்டமா, நான் மட்டமா? காலையிலிருந்து அவள் சரியாகப் பேசவில்லை.

மெடிக்கல் அண்ணாச்சி:
தம்பி, முதலில் கர்ப்பம் தடுக்கும் அவசர மாத்திரை. லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மி.கி., ஒன்றே ஒன்று, 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும், அதிலும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. டாக்டர் சீட்டு தேவையில்லாத மாத்திரைதான், ஆனாலும் சென்னையில் நிறைய கடைகளில் "அதெல்லாம் வைக்கிறதில்லை" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். இந்தத் தொழிலில் இருக்கிறவன் சொல்கிறேன், எங்களுக்கு அது அசிங்கம். இரண்டு மூன்று கடையில் இல்லையென்றால் இன்றே மகப்பேறு டாக்டரிடம் போய்விடுங்கள்.

இப்போது எண்ணெய்க்கு வருவோம். ஆணுறை ரப்பர் பாலில் செய்தது. தேங்காய் எண்ணெய், வாசலின், பேபி ஆயில் எது பட்டாலும் சில நிமிடத்தில் நைந்துவிடும். நம்பிக்கையில்லை என்றால் ஒன்றை ஊதி முடிச்சுப் போட்டு, எண்ணெய் தடவித் தேய்த்துப் பாருங்கள். வழுவழுப்பு வேண்டுமென்றால் தண்ணீரில் கரையும் ஜெல் கேட்டு வாங்குங்கள். வண்டி சீட்டாம்! மே மாத வெயிலில் நின்ற வண்டியில் உட்கார்ந்தால் நமக்கே வெந்துபோகிறது, உள்ளே இருக்கிற ரப்பர் என்ன பாடுபடும்?

ராயபுரத்து அக்கா:
இரண்டு போட்டதை அண்ணாச்சி மறந்துவிட்டார். ரப்பரும் ரப்பரும் உரசினால் சீக்கிரம்தான் கிழியும், ஒன்று போதும். போடும்போது நுனியைக் கிள்ளிப் பிடித்துக் காற்றை எடுத்துவிட வேண்டும், பாக்கெட்டைப் பல்லால் கடித்துக் கிழிக்கிற வேலையும் வேண்டாம். இன்னொன்று தம்பி, எரிகிறது என்று அவள் சொன்னால் எண்ணெய் பாட்டிலைத் தேடாமல் அவசரத்தைக் குறைத்துப் பார்க்கலாம். அப்படியும் ஒவ்வொரு தடவையும் எரிந்தால் ரப்பர் ஒவ்வாமையாக இருக்கலாம், டாக்டரிடம் கேளுங்கள், ரப்பர் இல்லாத ஆணுறையும் இருக்கிறது.

சிங்கம்77:
எதுக்கு இவ்வளவு பஞ்சாயத்து? கடைசி நேரத்தில் வெளியே எடுத்தால் முடிந்தது. ஆணுறையில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருக்கிறது, எய்ட்ஸ் கிருமியே அது வழியாகப் போய்விடும் என்று படித்தேன்.

பழைய கவுன்சிலர்:
சிங்கம், எங்கே படித்தீர்களோ அங்கேயே விட்டுவிடுங்கள். கிழியாத ரப்பர் ஆணுறை வழியாக எய்ட்ஸ் கிருமியான எச்.ஐ.வி. போகாது. கடைசி நேரத்தில் எடுப்பதை மட்டும் நம்பும் 100 ஜோடிகளில் ஒரு வருஷத்தில் சுமார் 20 பேர் கர்ப்பமாகிறார்கள். ஆணுறையில், நம் மாப்பிள்ளை மாதிரி சொதப்புகிறவர்களையும் சேர்த்தே, அது 13. ஒவ்வொரு தடவையும் சரியாகப் போட்டால் 2தான். ஹெர்பிஸ், எச்.பி.வி. என்ற பால்வினைத் தொற்றுகள் மட்டும் உறை மூடாத தோல் வழியாகவும் வரலாம், அதை மறைக்க வேண்டியதில்லை.

எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்தில் வேலை பார்த்தபோது அடிக்கடி காதில் விழுந்தது, "ஆளைப் பார்த்தா நல்லாத்தான் சார் இருந்தாங்க" என்பதுதான். இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் கண்டுபிடிக்கப்பட்டதே நம் சென்னையில், 1986-ல். "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" என்ற விழிப்புணர்வு விளம்பரம் ஊரெல்லாம் ஒட்டியும் இந்தப் பேச்சு ஓயவில்லை. ஆளைப் பார்த்துத் தெரியாது, பரிசோதித்தால்தான் தெரியும். அரசு ஆஸ்பத்திரி நம்பிக்கை மையத்தில் காசு கிடையாது, சந்தேகமிருந்தால் எய்ட்ஸ் உதவி எண் 1097-க்குப் போன் போடலாம்.

வேளச்சேரி புதுமாப்பிள்ளை:
நன்றி அண்ணா, அக்கா. ஐந்தாவது கடையில் மாத்திரை கிடைத்தது, பேப்பரில் சுற்றி, கருப்புக் கவரில் போட்டு, கஞ்சா கொடுக்கிற மாதிரி கொடுத்தார். மனைவி போட்டுவிட்டாள், பேசவும் ஆரம்பித்துவிட்டாள். அப்புறம் மீதியில் ஒன்றை ஊதி எண்ணெய் தடவிப் பார்த்தோம். படாரென்று வெடித்ததில் அம்மா வந்து கதவைத் தட்டிவிட்டார்.