டாக்சிவேயில் நேர்ந்தவை: கண்டவர்களின் பகிர்வுகள்

பயணி ஒருவர்:

சில ஆண்டுகளுக்கு முன் வளைகுடா நாடு ஒன்றில் எங்கள் விமானம் தரையிறங்கி, நிறுத்துமிடம் காலியாவதற்காக டாக்சிவேயில், அதாவது ஓடுபாதைக்கும் நிறுத்துமிடத்துக்கும் இடையே விமானங்கள் ஊர்ந்து செல்லும் பாதையில், காத்திருந்தது. சீட் பெல்ட் விளக்கு எரிந்துகொண்டிருந்தபோதே பலர் எழுந்து பெட்டிகளை இறக்கத் தொடங்கிவிட்டனர். மெல்ல நகர்ந்த விமானம் திடீரென்று பிரேக் பிடித்து நின்றது. எனக்கு முன் நின்றிருந்த முதியவர் இருக்கையின் கைப்பிடியில் நெற்றி மோதி விழுந்தார். குறுக்கே வந்த சரக்கு வண்டிக்காக நிறுத்த வேண்டியதாயிற்று என்று விமானி அறிவித்தார். மோதல் ஏதும் இல்லாமலேயே அந்த முதியவரின் நெற்றியில் தையல் போட வேண்டியிருந்தது.

மோதியிருந்தால் என்னவாகியிருக்கும் என்பதற்கு நியூயார்க்கின் கென்னடி விமான நிலையமே சான்று. 2011 ஏப்ரல் 11 இரவு, பாரிசுக்குப் புறப்படவிருந்த ஏர் பிரான்ஸ் ஏ380 விமானத்தின் இடது இறக்கை நுனி, பாஸ்டனிலிருந்து வந்து நிறுத்துமிடத்துக்காகக் காத்திருந்த சிறிய சிஆர்ஜே விமானத்தின் வாலில் மோதியது. அந்தச் சிறிய விமானம் நின்ற இடத்திலேயே பக்கவாட்டில் சுழன்று திரும்பிவிட்டது. ஒருவருக்கும் காயமில்லை என்று படித்தபோது, அந்த முதியவரைப் போல அங்கே எவரும் எழுந்து நிற்காததும் அதற்கு ஒரு காரணமாக இருந்திருக்கும் என்றே எனக்குத் தோன்றியது.

ஓய்வுபெற்ற தரைப்பணியாளர்:

சகோதரி, நீங்கள் விமானத்துக்குள்ளிருந்து கண்டதை நான் வெளியில் நின்று பலமுறை கண்டிருக்கிறேன். இவ்வளவு பெரிய இறக்கையை விமானி எப்படிக் கவனிக்காமல் விடுகிறார் என்று பலரும் கேட்பார்கள். 747, 777, ஏ380 போன்ற பெரிய விமானங்களில், ஜன்னலைத் திறந்து தலையை வெளியே நீட்டினாலொழிய, விமானியால் தம் இறக்கை நுனியைப் பார்க்க முடியாது. போதாக்குறைக்கு, பின்னோக்கிச் சாய்ந்த இறக்கை கொண்ட விமானம் திரும்பும்போது, வெளிப்பக்க நுனி நாம் எதிர்பார்க்கும் கோட்டைத் தாண்டி வீசிச் செல்லும். எந்தப் பாதையில் போக வேண்டும் என்று கட்டுப்பாட்டுக் கோபுரம் சொல்லும். ஆனால் இறக்கைக்கு இடைவெளி இருக்கிறதா என்று பார்க்கும் பொறுப்பு பெரும்பாலும் விமானியுடையது. இதனால்தான் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2012-இல், பெரிய விமானங்களின் இறக்கை நுனிகளைக் காட்டும் கேமரா போன்ற கருவிகளைக் கட்டாயமாக்கப் பரிந்துரைத்தது. அது அப்போதே நடைமுறைக்கு வந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நான் பணிபுரிந்த நிலையத்தில் ஒரு மழை இரவில், சைகை காட்டி விமானத்தை நிறுத்துமிடத்துக்குள் வழிநடத்தும் மார்ஷலர் வந்து சேராததால் ஒரு விமானம் நிறுத்துமிட எல்லைக்குச் சற்று முன்பே நின்றுவிட, அதன் வால் டாக்சிவேயின் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. பின்னால் வேறொரு விமானம் நெருங்கி வருவதைக் கண்டு, நானும் உடனிருந்த இளைஞரும் ஒளிக்கோல்களைத் தலைக்கு மேலே குறுக்காகப் பிடித்தபடி ஓடினோம். அந்த விமானி எங்களைப் பார்த்து நிறுத்திவிட்டார். அட்லாண்டாவில் 2024 செப்டம்பர் 10 அன்று அப்படி நிறுத்த வாய்க்கவில்லை. டோக்கியோ செல்லவிருந்த பெரிய ஏ350 விமானத்தின் இறக்கை நுனி, முன்னே நின்ற சிஆர்ஜே-900 விமானத்தின் வாலையே பெயர்த்தெறிந்தது.

நம் நாட்டிலும் 2024 மார்ச் 27 அன்று கொல்கத்தாவில், சென்னைக்குப் புறப்பட ஓடுபாதை அனுமதிக்காகக் காத்திருந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தின் இறக்கையில் இண்டிகோ விமானத்தின் இறக்கை உரசியது. நுனி உடைந்து தரையில் கிடந்த படத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள்.

பராமரிப்புப் பொறியாளர்:

ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். இத்தகைய உரசலுக்குப் பிறகு "கீறல்தானே, கிளம்புங்கள்" என்று பயணிகள் எங்களிடம் கோபப்படுவதுண்டு. புதிய விமானங்களில் இறக்கையின் பல பகுதிகள் கார்பன் இழை அடுக்குகளால் ஆனவை. அலுமினியத்தில் அடி பட்டால் பெரும்பாலும் நசுங்கிய தடம் தெரியும். இழை அடுக்குகளிலோ மேற்பரப்பு மாறாமலிருக்க, உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கக்கூடும். மீயொலிக் கருவி வைத்துச் சோதிக்காமல் அந்த விமானத்தைப் பறக்க அனுமதித்து நாங்கள் கையொப்பமிட மாட்டோம். அதற்கு ஓர் இரவு முழுவதும் ஆனாலும் சரி.