மறு: ஸ்லூஸ், ஸ்பில்வே, வியர் – மூன்றுக்கும் மதகா?

அன்புள்ள குழுவினருக்கு,

நீர்ப்பாசனச் சொற்பட்டியலில் ஸ்லூஸ், ஸ்பில்வே, வியர் ஆகிய மூன்று ஆங்கிலச் சொற்களுக்கும் எதிரே ‘மதகு’ என்றே இருக்கிறது. பட்டியலை எழுதும் திருச்சி ஐயா கோபிக்கக்கூடாது. கிளிநொச்சியில் மதகு என்றால் வீதிக்குக் கீழே தண்ணீர் கடக்கக் கட்டிய சிறு பாலம். பின்னேரங்களில் அதன் கட்டின்மேல் குந்தியிருந்துதான் ஊர்க்கதை பேசுவோம். குளத்து மதகைத் திறந்துவிட்டார்கள் என்றால் இங்கே கேட்பவர் விழிப்பார்.

வயலுக்குத் தண்ணீர் விடக் குளக்கட்டின் அடியில் இருக்கும் வழி, அதாவது ஸ்லூஸ், எங்களுக்குத் துருசு. சிறுபோகத்துக்கு (கோடைகால நெற்செய்கைக்கு) முன் கூட்டம் வைத்து, இத்தனை ஏக்கர் என்று கணக்குப் பார்த்துத்தான் அதைத் திறப்பார்கள். ஸ்பில்வேயை நாங்கள் வான் என்போம். வான் அப்படியல்ல. குளம் கொள்ளாத தண்ணீர் போகும் வழி அது. சிறு குளங்களில் நீர் தானாகவே வழியும். ‘குளம் வான் பாய்கிறது’ என்று கேள்விப்பட்டால் குடும்பமாகப் பார்க்கப் போவோம். 36 அடி கொள்ளும் இரணைமடு போன்ற பெருங்குளத்துக்கு வான்கதவு உண்டு. (வானத்துக்கு ஏது கதவு என்று கொழும்பு நண்பர் ஒருவர் கேட்டார்.)

ஆங்கிலத்திலும் இவை ஒன்றல்ல. ஸ்லூஸின் இலத்தீன் வேரில் இருப்பது அடைத்து வெளியே நிறுத்துதல். ஸ்பில்வேயில் இருப்பது சிந்துதல். 2018 டிசம்பர் வெள்ளத்தைக் கண்டவர்களுக்கு அகராதி தேவையில்லை. துருசு திறந்தாயிற்று என்றால் கமக்காரர் (விவசாயி) மண்வெட்டியோடு வயலுக்குப் போவார். வான்கதவு திறந்தாயிற்று என்றால் மாட்டை அவிழ்த்துக்கொண்டு மேட்டுக்குப் போவார். அறிவித்தலில் இரண்டையும் மதகு என்று எழுதினால் அவர் எந்தப் பக்கம் போவது?

சிக்கல் வியரில்தான், அதாவது ஆற்றுக்குக் குறுக்கே நீர் மேலால் போகும்படி கட்டும் தாழ்ந்த அணையில்தான். மன்னார்ப் பக்கம் அருவியாற்றுக்குக் குறுக்கே உள்ள தேக்கத்தை எண்ணிப் பாருங்கள். பெயர்தான் தேக்கம்; அதன் வேலை ஆற்றின் மட்டத்தை உயர்த்திக் கட்டுக்கரைக் குளத்துக்குப் போகும் வாய்க்காலுக்குள் திருப்புவது. மிச்ச நீர் தலைக்கு மேலால் போய்விடும். இதைத்தான் இலங்கைப் பொறியியலாளர்கள் ‘அனிக்கட்’ என்கிறார்கள். அது நம்முடைய அணைக்கட்டு, கடனாகப் போனது! நாமோ அணைக்கட்டைப் பேரணைக்கும் கொடுத்துவிட்டு, இப்போது வியருக்குச் சொல் தேடுகிறோம்.

‘வெள்ளம் வீதியை மேவிப் பாய்கிறது’ என்று மாரியில் எங்கள் பத்திரிகைகள் எழுதும். அந்த மேவுதலை எடுத்து ‘மேவணை’ என்று வைத்தால் என்ன?

– கிளிநொச்சியிலிருந்து

மறுமொழி:

கோபமெல்லாம் இல்லை ஐயா. ஆனால் துருசு என்றால் எங்களுக்கு மயில்துத்தம் (காப்பர் சல்பேட்). மேவுதல் என்றால் விரும்புதல், பொருந்துதல். தடுப்பணை என்ற சொல் போதாதா?

மறுமொழி:

தடுப்பணை ஓடைநீரை மறித்து நிறுத்தும் சின்ன அணைக்குப் பழகிவிட்டது. வியரில் நீர் மேலால் போவதே அமைப்பு. மயில்துத்தத்தைக் குளக்கட்டில் யாரும் தேடப்போவதில்லை.

மறுமொழி:

சரி. ஸ்லூஸுக்கு மதகு, துருசு. ஸ்பில்வேக்கு எங்கள் கலிங்கும் உங்கள் வானும். வியருக்கு மேவணை என்று எழுதிப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருக்கிறேன்.