படம் பார்க்கும் கம்ப்யூட்டரில் பிளேஸ்டேஷன் 2: எதை மாற்றினேன், ஏன்

சென்னை உறுப்பினர்:

எங்கள் ஹாலில் டிவிக்குக் கீழே ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. ‘கோடி’ என்ற மென்பொருள் போட்டுப் படம் பார்ப்பதற்கென்றே கட்டியது. நான்காம் தலைமுறை கோர் ஐ3, 8 ஜிபி ரேம், தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. படத்துக்கு அது தாராளம். ஆனால் அலமாரியில் ஒரு பெட்டி நிறைய பிளேஸ்டேஷன் 2 டிஸ்க்குகள் கிடக்கின்றன. கன்சோலின் லேசரோ தேய்ந்துபோய், பாதி டிஸ்க்குகளைப் படிக்க மறுக்கிறது. அந்த விளையாட்டுகளைப் பிசிஎஸ்எக்ஸ்2 எமுலேட்டர் (கன்சோலைப் போலவே கம்ப்யூட்டரை நடந்துகொள்ள வைக்கும் மென்பொருள்) வழியாக ஹால் கம்ப்யூட்டரிலேயே ஓட்டுவது என்று முடிவு செய்தேன். இதே எண்ணத்தில் இருப்பவர்களுக்காக விவரமாக எழுதுகிறேன்.

விளையாட்டு என்று சொன்னதுமே கடையில் கிராஃபிக்ஸ் கார்டைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். புதிய விளையாட்டுகளுக்கு அது சரி. பழைய கன்சோல் எமுலேட்டருக்கு முதலில் பார்க்க வேண்டியது பிராசஸரை.

பிளேஸ்டேஷன் 2 வந்தது 2000இல். அதன் பிராசஸரான எமோஷன் எஞ்சின் ஓடுவது சுமார் 294 மெகாஹெர்ட்ஸில். இன்றைய எந்தப் பிராசஸரும் அதைவிடப் பத்து மடங்குக்கு மேல் வேகமானது. ஆனாலும் பல கம்ப்யூட்டர்கள் திணறுகின்றன. காரணம், அந்தப் பெட்டிக்குள் ஒரு பிராசஸர் மட்டும் இல்லை. எமோஷன் எஞ்சினுக்குள்ளேயே கணக்குகளை வேகமாகப் போடும் இரண்டு வெக்டர் யூனிட்டுகள், வெளியே ஒரு கிராஃபிக்ஸ் சிப், டிஸ்க்கையும் கண்ட்ரோலரையும் கவனித்துக்கொள்ள முதல் பிளேஸ்டேஷனில் இருந்த அதே பிராசஸர். இவை அனைத்தும் ஒன்றையொன்று எதிர்பார்த்து, நேரம் பிசகாமல் இயங்குகின்றன. எமுலேட்டர் இவற்றின் கட்டளைகளை அந்தந்தக் கணத்திலேயே நம் பிராசஸருக்குப் புரியும்படி மாற்ற வேண்டும். நேர ஒழுங்கும் கெடக்கூடாது. இந்த வேலையைப் பல கோர்களுக்கு (பிராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்) பிரித்துக் கொடுக்க வழியில்லை. பிசிஎஸ்எக்ஸ்2 பெரும்பாலும் மூன்று கோர்களையே நன்றாகப் பயன்படுத்துகிறது. ஆகவே எத்தனை கோர் என்று கேட்பதைவிட, ஒரு கோர் தனியாக எவ்வளவு வேகம் என்று கேட்பதே பயன் தரும்.

பணம் செலவழிக்கும் முன் இதை உங்கள் கம்ப்யூட்டரிலேயே சோதித்துப் பார்க்கலாம். எமுலேட்டரின் அமைப்புகளில், வேகத்தையும் ஒவ்வொரு பகுதியின் சுமையையும் திரையின் மூலையில் சதவீதமாகக் காட்டும் வசதி உண்டு. நான் ‘ஷேடோ ஆஃப் தி கொலோசஸ்’ போட்டுப் பார்த்தேன். கல் அரக்கன் எழுந்து நிற்கும் இடத்தில் வேகம் 70 சதவீதத்துக்கு இறங்கியது; இசை இழுத்து இழுத்துக் கேட்டது. படத்தின் தெளிவுத்திறனைக் கன்சோலின் அசல் அளவுக்கே குறைத்தேன். வேகம் அசையவில்லை. தெளிவைக் குறைத்ததும் வேகம் கூடினால் தடை கிராஃபிக்ஸில், கூடாவிட்டால் பிராசஸரில். எனக்குப் பதில் கிடைத்துவிட்டது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த விளையாட்டு அசல் கன்சோலிலேயே ஃபிரேம் (நொடிக்குத் திரையில் வரும் படங்கள்) குறைந்துதான் ஓடும். அதனால் ஃபிரேம் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், வேகச் சதவீதத்தைப் பாருங்கள். 100இல் நின்றால் எல்லாம் சரி.

மதர்போர்டு, பிராசஸர், ரேம் மூன்றையும் மாற்றினேன். ரிச்சி ஸ்ட்ரீட்டில் விசாரித்து கோர் ஐ3-12100 வாங்கினேன். 2022இல் வந்தது, நான்கு கோர்தான், ஆனால் ஒவ்வொன்றும் வேகமானது. ரேமை 16 ஜிபி ஒரே குச்சியாக வாங்காமல் 8 ஜிபி இரண்டாகப் போட்டேன். பிராசஸருக்குள் இருக்கும் கிராஃபிக்ஸுக்கு ரேம்தான் நினைவகம். இரண்டு குச்சி என்றால் பாதை இருமடங்கு அகலம். கார்டு இல்லாமலேயே, இரண்டு மடங்கு தெளிவில் பல விளையாட்டுகள் 100 சதவீதத்தில் நின்றன. அரக்கன் எழுந்தபோதும் இசை இழுக்கவில்லை. அதைக் கேட்டபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

4கே டிவியில் இன்னும் கூர்மை வேண்டும் என்பதால் பிறகு கார்டும் போட்டேன். என் கேபினட்டில் அரை உயரக் கார்டுதான் நுழையும். மதர்போர்டு ஸ்லாட் வழியே கிடைக்கும் 75 வாட்டுக்குள் ஓடும் கார்டாக இருந்தால் பவர் சப்ளையை மாற்ற வேண்டாம். ஜிடிஎக்ஸ் 1650, ஆர்எக்ஸ் 6400 இரண்டிலும் அரை உயர வகைகள் உண்டு. ஆர்எக்ஸ் 6400க்கு நான்கு பிசிஐஇ தடங்களே (கார்டும் மதர்போர்டும் தரவு பரிமாறும் பாதைகள்) இருப்பதால், மூன்றாம் தலைமுறை பிசிஐஇ உள்ள பழைய போர்டில் அதன் வேகம் அடிபடும். பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரை வாங்கி இதைச் செருக நினைப்பவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

டிஸ்க்குகளை எடுப்பது எளிது. கம்ப்யூட்டரின் சாதாரண டிவிடி டிரைவே பிளேஸ்டேஷன் 2 டிஸ்க்கைப் படிக்கும். எடுத்த கோப்பைச் சிஎச்டி என்ற சுருக்கிய வடிவத்துக்கு மாற்றினால் இடம் மிச்சம். எமுலேட்டருக்குத் தேவையான பயாஸ் கோப்பை (கன்சோலைத் தொடங்கிவைக்கும் அதன் உள் மென்பொருள்) உங்கள் சொந்தக் கன்சோலிலிருந்தே எடுங்கள். இணையத்தில் தேடி இறக்குவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

கோவை உறுப்பினர்:

நல்ல பதிவு, நண்பரே. பிராசஸரைப் பற்றி நீங்கள் சொன்னது அத்தனையும் என் அனுபவமும்கூட. நான் டிவியைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் புதுக் கம்ப்யூட்டர் வந்த பிறகும் என் வீட்டில் பட்டனை அழுத்தினால் கொஞ்சம் பொறுத்துத்தான் திரையில் இருக்கும் ஆள் கை வீசினான். எமுலேட்டரில் எல்லா எண்களும் சரியாகவே இருந்தன.

தாமதம் டிவியில். அசைவை வழவழப்பாக்கும் வசதி, இரண்டு ஃபிரேம்களுக்கு இடையில் புதிதாக ஒன்றை வரைந்து செருகுகிறது. அதற்கு அடுத்த ஃபிரேம் வரும்வரை காத்திருந்தே ஆக வேண்டும். நொடிக்கு 60 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேம் என்பது 16.7 மில்லிவினாடி; இப்படிச் சில சேர்ந்தாலே கைக்குத் தெரிந்துவிடும். ‘கேம் மோட்’ போட்டதும் அன்றோடு தொல்லை ஒழிந்தது. பல டிவிகளில் ஒவ்வொரு எச்டிஎம்ஐ துளைக்கும் இதைத் தனித்தனியாகப் போட வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

இன்னொன்று நம் ஊருக்கே உரியது. இந்தியாவில் விற்ற பிளேஸ்டேஷன் 2 டிஸ்க்குகள் ‘பால்’ முறையைச் சேர்ந்தவை, அதாவது நொடிக்கு 50 முறை படம் மாறும் 50 ஹெர்ட்ஸ். கம்ப்யூட்டர் டிவிக்கு 60 ஹெர்ட்ஸ் அனுப்பிக்கொண்டிருந்தால் காட்சி நகரும்போது சீரான இடைவெளியில் ஒரு வெட்டு விழும். பலரும் இதைப் பார்த்துவிட்டு பிராசஸர் போதவில்லை என்று நினைக்கிறார்கள். விண்டோஸ் திரை அமைப்பில் 50 ஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுங்கள். சில விளையாட்டுகள் தொடக்கத்தில் 60 ஹெர்ட்ஸ் வேண்டுமா என்று அவையே கேட்கும்; அங்கே ஆம் என்று சொல்லிவிடலாம்.

திருச்சி உறுப்பினர்:

என் வீட்டில் நின்டெண்டோவின் ‘வீ’ கன்சோல் விளையாட்டுகளை டால்ஃபின் எமுலேட்டரில் ஓட்டுகிறோம். புதிய வெடிப்பு, புதிய பனி என்று ஏதாவது முதன்முறை திரைக்கு வரும்போது படம் ஒரு நொடி உறைந்து நிற்கும். ஷேடர்களை (காட்சியை வரைய கிராஃபிக்ஸுக்குச் சொல்லும் சிறு நிரல்கள்) எமுலேட்டர் அப்போதுதான் தயாரிக்கிறது என்பதே காரணம். 2017இல் டால்ஃபின் குழு கொண்டுவந்த ‘உபர்ஷேடர்’ வசதியை ‘ஹைப்ரிட்’ நிலையில் வைத்தால் அந்த உறைதல் ஏறக்குறைய மறைந்துவிடும். இதற்கு மட்டும் கிராஃபிக்ஸ் கார்டில் கொஞ்சம் வலு வேண்டும்.

வீ ரிமோட்டைக் கம்ப்யூட்டரின் புளூடூத்தில் நேரடியாக இணைக்கலாம். டிவி மேல் வைக்கும் ‘சென்சார் பார்’ உண்மையில் எதையும் உணர்வதில்லை; இரு முனையிலும் அகச்சிவப்பு விளக்குகள், அவ்வளவுதான். அவற்றைப் பார்ப்பது ரிமோட்டில் இருக்கும் கேமரா. ஆகவே மின்சாரம் மட்டும் கிடைத்தால் எந்த சென்சார் பாரும் வேலை செய்யும்.

புளூடூத் அடிக்கடி அறுந்தால், அதன் டாங்கிளை (யுஎஸ்பியில் செருகும் சிறு கருவி) யுஎஸ்பி 3 துளைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். யுஎஸ்பி 3 ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சல் எழும். புளூடூத்தும் அங்கேதான் இயங்குகிறது. ஒரு நீட்டிப்பு ஒயரில் டாங்கிளைத் தள்ளி வைத்தேன். என் பெண் இப்போது டென்னிஸ் ஆடும்போது ரிமோட் ஒருமுறையும் துண்டிக்கப்படுவதில்லை.

சென்னை நண்பரே, ஒரு கேள்வி. இதே ஐ3-யில் பிளேஸ்டேஷன் 3 ஓடுமா?

சென்னை உறுப்பினர்:

சிறிய விளையாட்டுகள் ஓடும், பெரியவற்றுக்குப் போதாது. மேலே கோர் எண்ணிக்கை முக்கியமில்லை என்று எழுதினேன் அல்லவா, அங்கே கணக்கு தலைகீழ். பிளேஸ்டேஷன் 3இன் செல் பிராசஸரில் பிரதான கோர் ஒன்றோடு விளையாட்டுகளுக்கென்று ஆறு துணைக் கோர்கள் உண்டு. ஆர்பிசிஎஸ்3 எமுலேட்டர் அவற்றைத் தனித்தனியாக ஓட்டுவதால் ஆறு கோர், பன்னிரண்டு இழைகளுக்கு (ஒரே சமயத்தில் ஓடும் வேலைகள்) குறையாமல் இருப்பது நல்லது. நீங்கள் என்னைப் போல எல்ஜிஏ 1700 என்ற பிராசஸர் இருக்கை கொண்ட மதர்போர்டு வாங்கியிருந்தால் ஐ3-ஐக் கழற்றிவிட்டு அதே இடத்தில் ஐ5-12400 போடலாம். ஆனால் ஆறு கோரும் சேர்ந்து உழைக்கும்போது சூடு அதிகம். கேபினட் மூடிக்கும் மதர்போர்டுக்கும் நடுவே எவ்வளவு உயரம் இருக்கிறது என்று அளந்துகொண்டு, அதற்குள் அடங்கும் கூலரைப் பார்த்த பிறகு பிராசஸருக்குப் பணம் கொடுங்கள்.