தாத்தா சேர்த்த நாணயங்களுக்குத் தரச்சான்று வாங்க வேண்டுமா?

கும்பகோணத்துப் பேரன் (கேள்வி):

அன்பர்களுக்கு வணக்கம். பாகப்பிரிவினை முடிந்தபின் எங்கள் தாத்தா சேர்த்து வைத்திருந்த நாணயங்கள் என் பொறுப்புக்கு வந்துள்ளன. விக்டோரியா, ஏழாம் எட்வர்டு, ஐந்தாம் ஜார்ஜ் காலத்து வெள்ளி ரூபாய்கள் நாற்பதுக்குக் குறையாமல் இருக்கின்றன. அவற்றுள் 1911ஆம் ஆண்டு ரூபாய் ஒன்றும் உண்டு. இவை தவிர, ராஜராஜன் பெயர் பொறித்த செப்புக் காசுகள் ஒரு சிறு டப்பா நிறையவும், தரங்கம்பாடியில் டேனியர் வெளியிட்ட காசுகள் சிலவும், பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டு நினைவாக நடுவண் அரசு வெளியிட்ட 1000 ரூபாய் வெள்ளி நாணயம் ஒன்று அதன் உறை பிரியாமலும் இருக்கின்றன.

இவை அனைத்தையும் அமெரிக்காவுக்கு அனுப்பித் தரம் மதிப்பிட்டு, முத்திரையிட்ட பிளாஸ்டிக் கூட்டில் அடைத்து வாங்கினால் விலை பல மடங்காகும் என்று என் அத்தை மகன் வற்புறுத்துகிறார். சிலவற்றை விற்றுவிட்டு மற்றவற்றை மகளுக்கு வைத்துவிட்டுப் போவதே என் எண்ணம். வெள்ளி ரூபாய்களை ஆண்டுதோறும் லட்சுமி பூஜைக்கு முன் விபூதி போட்டுத் துலக்குவது எங்கள் வீட்டு வழக்கமாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். செலவு செய்வது தகுமா?

தஞ்சை வெள்ளிக்காசு:

ஐயா, அமெரிக்கா என்ற பேச்சை முதலில் ஒதுக்கி வைத்துவிடலாம். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைக் கருவூலச் சட்டத்தின்படி நூறு ஆண்டுகளைக் கடந்த நாணயம் தொல்பொருளாகும். அதை நடுவண் அரசோ அதன் அனுமதி பெற்ற அமைப்போ அல்லாமல் தனியார் எவரும் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. திரும்பி வரப்போகிற பொருள்தானே என்ற சமாதானம் இதில் செல்லாது. உங்களிடம் உள்ள விக்டோரியா, எட்வர்டு ரூபாய்கள் முழுவதும், ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய்களில் பெரும்பகுதியும், சோழர் காசுகளும், டேனியக் காசுகளும் இந்த வரம்புக்குள் வந்துவிடுகின்றன. நம் நாட்டிலேயே தரச்சான்று வழங்கும் தனியார் நிறுவனங்கள் இருப்பதால், தேவைப்பட்டால் அவற்றிடம் கொடுக்கலாம்.

தேவைப்படுமா என்பதுதான் அடுத்த கேள்வி. இன்று உலகெங்கும் வழங்கும் 1 முதல் 70 வரையிலான அளவுகோலை ஷெல்டன் என்பவர் 1949இல் அமெரிக்கச் செப்புக் காசுகளுக்காக வகுத்தார். 60க்கு மேற்பட்ட எண்கள் புழக்கத்துக்கே போகாத நாணயங்களுக்கு உரியவை. விலையில் பெரிய தாவல் நிகழ்வதெல்லாம் அந்த மேல்தட்டில்தான். 63க்கும் 65க்கும் இடையே காணும் விலை வேறுபாட்டை 20க்கும் 30க்கும் இடையே எதிர்பார்க்க முடியாது. கைமாறித் தேய்ந்த ரூபாய் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம், அதற்குக் கட்டணம் கட்டுவானேன்?

உங்கள் வெள்ளி ரூபாய்களின் தலைவிதியை விபூதி ஏற்கெனவே எழுதிவிட்டது என்றே அஞ்சுகிறேன். துலக்கும்போது விழும் நுண்கீறல்களும், அக்கசாலையில் அச்சடிக்கும்போதே உண்டாகும் இயல்பான பொலிவு அழிந்திருப்பதும் பூதக்கண்ணாடியில் தெளிவாகத் தெரியும். அப்படிப்பட்ட நாணயத்துக்கு எண் தராமல், அசல்தான், ஆனால் துலக்கப்பட்டது என்று மட்டும் குறித்துத் திருப்பி அனுப்புவார்கள். காசு மாலைக்காக வளையம் ஒட்டிப் பின்னர் எடுக்கப்பட்டவற்றின் கதியும் அதுவே. அந்தக் குறிப்பை விலை கொடுத்து வாங்க வேண்டிய அவசியம் இல்லை.

1911 ரூபாய் மட்டும் விதிவிலக்கு. அரசர் அணிந்திருந்த மாலையின் யானை உருவம் பன்றியைப் போலத் தெரிந்ததால் எதிர்ப்பு எழுந்து, வெளியிட்டவற்றைத் திரும்பப் பெற்று, 1912இல் உருவத்தைத் திருத்தி அச்சடித்தார்கள். சேகரிப்பாளர்கள் அதைப் பன்றி ரூபாய் என்றே அழைக்கிறார்கள். தேடுவோர் மிகுதி என்பதால் போலிகளும் உலவுகின்றன. நல்ல தராசில் 11.66 கிராமுக்கு அருகில் நிற்கிறதா (தேய்மானத்தால் சற்றுக் குறையலாம்), காந்தத்தில் ஒட்டாமல் இருக்கிறதா என்று வீட்டிலேயே பாருங்கள். இரண்டிலும் தேறினால், அந்த ஒன்றுக்கு மட்டும் சான்று வாங்குவதை நான் ஆதரிப்பேன். அங்கே நீங்கள் வாங்குவது எண்ணை அல்ல, வாங்குகிறவரின் நம்பிக்கையை.

நாகை உப்புக்காற்று:

தஞ்சை நண்பர் சொன்னவற்றில் பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் வெள்ளி ரூபாய்கள் அனைத்தையும் ஒரே கட்டாக ஒதுக்கிவிட வேண்டாம். 1862 என்ற ஆண்டு எண்ணையே பல ஆண்டுகள் மாற்றாமல் அச்சடித்ததால், அந்த ரூபாய்களில் அரசியின் மார்பளவு உருவத்திலும் பின்புறப் புள்ளிகளிலும் நுட்பமான வகைகள் இருக்கின்றன. அவற்றுள் சில அரியவை. துலக்கப்பட்டிருந்தாலும் அரிய வகை அரிய வகைதான். ஆகவே தரத்தைவிட வகையை அறிந்தவரிடம் காட்டுவதே முதல் வேலை.

ராஜராஜன் காசுகளைப் பொறுத்தவரை எனக்கு ஐயமே இல்லை: சான்று வேண்டாம். நிற்கும் உருவம் ஒருபுறமும், அமர்ந்த உருவமும் நாகரி எழுத்தில் பெயரும் மறுபுறமுமாக அமைந்த அக்காசுகள் ஏராளமாகக் கிடைத்திருப்பதால், பெரும்பாலானவற்றின் விலை சான்றுக் கட்டணத்தைத் தாண்டாது. அதே வடிவத்தை இலங்கையில் பராக்கிரமபாகு முதலிய மன்னர்களும் பின்பற்றியிருக்கிறார்கள்; டப்பாவில் அவையும் கலந்திருக்கலாம் என்பதால் எழுத்தைப் படித்துப் பிரித்து வையுங்கள். தாத்தாவுக்கு அவை எப்படிக் கிடைத்தன என்பதையும் தெரிந்தவரை எழுதி வையுங்கள். மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த புதையலை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் ஆண்டுச் சட்டம் சொல்வதால், விற்கும்போது அந்தக் கேள்வி எழும்.

டேனியர் 1620 முதல் 1845 வரை தரங்கம்பாடியில் இருந்தார்கள். அரச முத்திரையும் கிரீடமும் தெளிவாகத் தெரியும் காசு இருந்தால் அதற்குச் சேகரிப்பாளர் உண்டு. ஆனால் கடலோரச் செம்பில் வெளிர்பச்சையாகத் தூள் தூளாக உதிரும் களிம்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். உப்பு உள்ளே இறங்கிய அறிகுறி அது. கூட்டில் அடைத்தாலும் அரிப்பு நிற்காது. அத்தகைய காசைத் தனியே, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு வையுங்கள். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் மென்மையான பிவிசி உறைகளும் நாளடைவில் காசில் பிசுபிசுப்பை ஏற்றும்.

கும்பகோணத்துப் பேரன்:

இருவருக்கும் நன்றி. 1911 ரூபாயும் துலக்கப்பட்ட கூட்டத்தில் இருந்ததா என்று அம்மாவிடம் கேட்க வேண்டும். 1000 ரூபாய் நாணயத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையே? அது பழையதல்ல என்பதால் வெளிநாட்டுக்கு அனுப்பத் தடை இருக்காது அல்லவா?

திருவையாறு வாசகர்:

தொல்பொருள் சட்டம் அதற்குப் பொருந்தாது என்பது சரிதான். உங்கள் தொகுப்பில் 70க்கு அருகில் எண் பெறும் தகுதியுள்ளது அந்த ஒன்றாகத்தான் இருக்கும். விரல் ரேகை கூடப் படாமல் இருந்தால். ஆனால் தரம் பார்க்க அதை அக்கசாலை உறையிலிருந்து எடுத்தாக வேண்டும். நினைவு நாணயம் வாங்குகிற நம்மவர்களில் பலர் அந்த உறையோடும் அட்டையோடும்தான் கேட்கிறார்கள். எண் 70 வராமல் 67 என்று வந்தால் உறையும் போய், கட்டணமும் போய், கையில் இருப்பது எவரும் விரைந்து வாங்காத ஒரு கூடு. இன்னொன்று, 80 விழுக்காடு வெள்ளி கலந்த நாணயம் என்பதால் உறைக்குள்ளேயே லேசாகக் கறுத்திருக்கக்கூடும். அதைத் துடைக்க எவரையும் அனுமதிக்காதீர்கள்.

விற்கும் எண்ணம் அதில் இல்லையென்றால் அப்படியே மகளுக்கு வைத்துவிடலாம். விற்பதாக இருந்தால் உறையோடு ஏலத்தில் எவ்வளவுக்குப் போகிறது என்பதைச் சில மாதம் கவனித்து, சான்று, அஞ்சல், காப்பீடு, திரும்பி வரும்போதைய சுங்கம் ஆகிய செலவுகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இடையில் ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லிப் பழைய நாணயத்துக்கு லட்சம் தருவதாகவும் முன்பணம் கட்டும்படியும் எவரேனும் அழைத்தால் பேச்சை வளர்க்க வேண்டாம். தனக்கும் அத்தகைய வணிகத்துக்கும் தொடர்பில்லை என்று அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் அறிவித்திருக்கிறது. அத்தை மகனுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.