‘இந்தியத் தமிழர்’ என்று இனியும் எழுத வேண்டுமா?

கொழுந்துக்கூடை:
இலங்கையில் பிறப்புச் சான்றிதழில் தந்தையின் இனம் என்ற இடத்தில் எங்களுக்கு ‘இந்தியத் தமிழர்’ என்று எழுதுவதை நிறுத்த வேண்டும். ‘மலையகத் தமிழர்’ என்பதே நாங்கள் எங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர். எங்கள் முன்னோரைத் தென்னிந்தியாவிலிருந்து இலங்கை மலைநாட்டின் கோப்பித் தோட்டங்களுக்குக் கொண்டுவரத் தொடங்கியது 1820களில். 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்து அந்த இருநூறு ஆண்டுகளை நினைவுகூர்ந்தோம். ‘இந்தியத் தமிழர்’ என்ற பிரிவோ 1911 குடிசன மதிப்பீட்டில் அரசு வைத்தது. அன்று எங்களை யாரும் கேட்கவில்லை.

செட்டியார்தெரு:
எனக்கு உடன்பாடில்லை, சகோதரி. என் பாட்டனார் திருநெல்வேலியிலிருந்து கொழும்புக்கு வியாபாரத்துக்கு வந்தவர். எங்கள் குடும்பத்தில் எவரும் தோட்டத்தில் வேலை செய்ததில்லை. மலைநாட்டை நான் பார்த்ததே பாடசாலை விடுமுறைகளில்தான். ‘இந்திய வம்சாவளி’ என்று சொல்வதில் எனக்குப் பெருமை உண்டு. உங்கள் பெயரை என் தலையில் ஏன் கட்டுகிறீர்கள்?

கொழுந்துக்கூடை:
கட்டவில்லை, ஐயா. உங்களுக்குப் பிடித்தபடி நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் ‘இந்திய’ என்ற ஒட்டு உங்களுக்குப் பெருமையாக இருந்த அதே காலத்தில் எங்களுக்கு என்ன செய்தது என்று பாருங்கள். 1947 தேர்தலில் எங்கள் மக்களின் கட்சியான இலங்கை இந்திய காங்கிரஸ் ஏழு இடங்களில் வென்றது. 1948 குடியுரிமைச் சட்டம் எங்களை நாடற்றவர் ஆக்கியது. அடுத்த ஆண்டே வாக்குரிமையும் போயிற்று. ‘இவர்கள் இந்தியர்’ என்பதுதான் அதற்குச் சொன்ன நியாயம்.

வடமராட்சியான்:
வரலாறு வேதனையானது, மறுக்கவில்லை. ஆனால் பெயரை மாற்றினால் நாட்சம்பளம் கூடுமா? இருக்கிற தமிழரை இப்படித் துண்டு துண்டாக்கினால் யாருக்கு இலாபம்? உங்களைச் சிலர் ‘தோட்டக்காட்டான்’ என்பதையும் உங்கள் ஆட்கள் பெரிதுபடுத்துகிறார்கள். எங்கள் யாழ்ப்பாணப் பக்கம் தீவுப்பகுதியாரைத் ‘தீவான்’ என்கிறோம். அவர்கள் சண்டைக்கு வருவதில்லை. இடத்தைக் குறிக்கிற சொல், அவ்வளவுதான்.

கொழுந்துக்கூடை:
தீவான் என்று அழைக்கப்பட்டதற்காக எவருடைய வாக்கும் பறிபோகவில்லை, அண்ணா. எவரையும் கப்பலில் ஏற்றி அனுப்பவும் இல்லை. ‘கள்ளத்தோணி’, அதாவது திருட்டுத்தனமாகப் படகில் வந்தவர், என்று எங்களைக் கூப்பிட்டவர்கள் அதைச் செய்தும் காட்டினார்கள்.

என் மகள் பல்கலைக்கழக விடுதிக்கு விண்ணப்பம் நிரப்பியபோது விலாசம் எழுதும் இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். லயம் என்கிற எங்கள் தோட்ட வரிசை வீடுகளுக்குத் தெருப்பெயரும் இல்லை, வீட்டிலக்கமும் இல்லை. தோட்டத்தின் பெயரும் ‘கீழ்ப்பிரிவு’ என்பதும்தான். கடிதம் தோட்ட அலுவலகத்துக்கு வந்து, அங்கிருந்து எங்களுக்கு வர வேண்டும். அந்த ஒரு வரியைப் பார்த்தவுடன், ‘உங்கள் அப்பா நிறையக் குடிப்பாரா?’ என்று அறைத்தோழி கேட்டாளாம். என் கணவர் குடிப்பதில்லை என்பது இங்கே பதில் ஆகாது. குடித்தாலும் அந்தக் கேள்வி தவறுதான். அந்தப் பிள்ளை பரிகாசமாகக்கூடக் கேட்கவில்லை. தெரிந்த செய்தியைச் சரிபார்ப்பதுபோல் கேட்டிருக்கிறாள். எனக்கு வலித்ததே அதுதான்.

‘அவர்களுக்குப் படிப்பு ஏறாது’ என்பதும் அப்படியே. தோட்டப் பாடசாலைகளை அரசு முழுமையாகப் பொறுப்பேற்கத் தொடங்கியதே 1970களில்தான். அதுவரை ஓர் ஆசிரியரும் ஐந்தாம் வகுப்பும்தான் பல இடங்களில் எல்லை. வாசலைப் பூட்டிவிட்டு ‘உள்ளே வரவில்லையே’ என்று குறை சொல்வது எந்த நியாயம்?

குன்னூர்வாசி:
நான் நீலகிரியிலிருந்து எழுதுகிறேன். 1964இல் இரு நாட்டுப் பிரதமர்களும் செய்த சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் நாடற்றவர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு போட்டது. மீதி 1,50,000 பேரின் கணக்கை 1974இல் முடித்தார்கள். என் தாயார் பிறந்தது பதுளையில். தலைமன்னாரில் கப்பலேறி மண்டபம் முகாம் வழியாக இங்கே வந்தார். அரசுத் தாளில் அவர் பெயர் ‘தாயகம் திரும்பியோர்’. பார்த்தே இராத ஊருக்கு எப்படித் திரும்புவது? அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை கொடுத்தார்கள். ஊர்க்காரர்கள் ‘சிலோன்காரி’ என்றார்கள். அங்கே இந்தியாக்காரி, இங்கே சிலோன்காரி. கடைசிவரை எவரும் அவரிடம் ‘நீங்கள் உங்களை என்னவென்று சொல்வீர்கள்?’ என்று கேட்கவில்லை.

வடமராட்சியான்:
அம்மாவின் கதை மனதைத் தொடுகிறது. ஆனாலும் நான் கேட்டது வேறு. ‘தமிழர்’ என்ற ஒரே சொல் போதாதா? வடக்கின் தமிழ்த் தலைவர் செல்வநாயகம் 1949இல் தமிழரசுக் கட்சி என்று தனிக்கட்சி கண்டதே மலையகத்தாரின் குடியுரிமைக்காகக் குரல் கொடுத்துத்தானே?

கொழுந்துக்கூடை:
அவர் குரல் கொடுத்ததை நாங்கள் மறக்கவில்லை. ஆனால் தமிழருக்கு எதிரான 1977 கலவரத்துக்குப் பின் வடக்கே வன்னிக்கு ஓடிவந்த எங்கள் சனங்களை, இந்தியாவிலிருந்து வந்தவர் என்ற பொருளில் ‘வடக்கத்தியான்’ என்றது சிங்களவர் அல்ல, அண்ணா. காட்டை வெட்டி வயலாக்கிய பலருக்குக் காணி உறுதி கிடைக்கவில்லை. இறுதிப் போரில் அங்கே மாண்டவர்களில் அவர்களும் உண்டு. சாவில் மட்டும் எல்லோரும் தமிழர். மணமகள் தேவை விளம்பரத்தில் ஊரும் சாதியும் போட்டுப் பிரிப்பவர்கள், நாங்கள் எங்கள் பெயரைச் சொன்னால் மட்டும் ஒற்றுமை கெடுகிறது என்கிறீர்கள்.

செட்டியார்தெரு:
கடைசி வரியை ஏற்கிறேன். என் பெயர் விஷயத்தில் நான் மாறவில்லை. ஆனால் படிவத்தை நிரப்புகிற அலுவலர் எவராக இருந்தாலும் முதலில் வாய் திறந்து கேட்கட்டும் என்பதில் நானும் உங்கள் பக்கம்.

கொழுந்துக்கூடை:
அது போதும், ஐயா. போன முறை படிவம் நிரப்ப எங்கள் லயத்துக்கு வந்தவர் கேட்கவில்லை. நெற்றியில் திருநீற்றைப் பார்த்தார், கூடையைப் பார்த்தார், எழுதிக்கொண்டு போய்விட்டார். அடுத்த முறை வருபவரிடம் எழுதியதைக் காட்டச் சொல்லி, வாசித்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுவோம் என்று எங்கள் பிரிவுப் பெண்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.