இரண்டு போன்கள், இரண்டு முடிவுகள்: சேலத்திலிருந்து ஓர் அனுபவம்

பழைய போனை வைத்துக்கொள்வதா, புதிய மாடலுக்கு மாறுவதா என்ற கேள்வி இந்த ஆண்டு எங்கள் குடும்பத்தில் இரண்டு முறை எழுந்தது. என் போனை மாற்றினோம். ஏற்காட்டில் இருக்கும் என் அக்காவின் போனை மாற்றவில்லை. கடைக்காரர் சொன்ன காரணம் எதுவும் இந்த இரண்டு முடிவுகளில் ஒன்றையும் தீர்மானிக்கவில்லை என்பதால், நடந்ததைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

செவ்வாய்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை ஒன்றில் ஆர்டரும் கணக்கும் என் பொறுப்பு. புது டிசைன் முடிந்ததும் படமெடுத்து வெளியூர் வியாபாரிகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவது அன்றாட வேலை. அவர்கள் அனுப்பும் பணமும் யுபிஐ வழியாக அதே போனில்தான் வந்து சேர்கிறது. எனவே நல்ல கேமரா வேண்டும் என்ற எண்ணத்தோடு, ஒரு கொலுசையும் கையோடு எடுத்துக்கொண்டு ஐந்து ரோடு பக்கம் ஒரு கடைக்குப் போனேன்.

விற்பனையாளர் 200 மெகாபிக்சல் கேமரா உள்ள போனைக் காட்டினார். கொலுசை மேசைமேல் வைத்து அதிலும் என் பழைய போனிலும் படமெடுத்துப் பார்த்தோம். மெருகேற்றிய வெள்ளி, கடை விளக்கின் ஒளியை அப்படியே திருப்பி அடித்ததால், இரண்டு படங்களிலும் சலங்கை மணிகள் வெறும் வெள்ளைப் புள்ளிகளாகவே விழுந்தன. திரையில் கொலுசைத் தொட்டு, பக்கத்தில் தோன்றும் சூரியக் குறியைக் கொஞ்சம் கீழே இழுத்து வெளிச்சத்தைக் குறைத்தபோது, பழைய போனிலேயே மணியின் கீறலும் கொக்கியைப் பற்றவைத்த இடமும் தெளிவாகத் தெரிந்தன. வியாபாரிகள் பெரிதாக்கிப் பார்ப்பது அந்த இடத்தைத்தான். தவிர, இத்தகைய கேமராக்கள் வழக்கமாகப் பதினாறு பிக்சல்களை ஒன்றாகச் சேர்த்து 12.5 மெகாபிக்சல் படத்தையே தருகின்றன; வாட்ஸ்அப் அதை மேலும் சுருக்கித்தான் அனுப்புகிறது. 2023 முதல் அதில் உள்ள, படத்தைக் கூடுதல் தெளிவுடன் அனுப்பும் எச்டி தெரிவைப் பயன்படுத்தினாலே எங்கள் வேலைக்குப் போதும். ஆகவே கேமராவுக்காகப் போனை மாற்றத் தேவையில்லை என்று அங்கேயே தெளிவாகிவிட்டது.

இருந்தும் மாற்றினேன். செட்டிங்ஸில் போனைப் பற்றிய விவரங்கள் உள்ள பகுதியில், பாதுகாப்பு அப்டேட் கடைசியாக வந்த தேதியைப் பார்க்க முடியும். என் போனில் அது 2023-உடன் நின்றிருந்தது. அதற்குப் பின் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் அந்தப் போனில் அடைக்கப்படாமலேயே இருக்கும். பேட்டரி தேய்ந்தால் மாற்றலாம், திரை உடைந்தாலும் மாற்றலாம்; ஆனால் நிறுவனம் நிறுத்திவிட்ட பாதுகாப்பு அப்டேட்டை எந்தப் பழுதுபார்க்கும் கடையிலும் வாங்க முடியாது. பட்டறையின் பணம் முழுவதும் வந்துபோகும் போனில் அந்த நிலையைத் தொடர விட எனக்கு மனம் வரவில்லை.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 2023 அக்டோபரில் வந்த கூகுள் பிக்சல் 8 வரிசைக்கும், 2024 ஜனவரியில் வந்த சாம்சங் கேலக்ஸி எஸ்24 வரிசைக்கும் ஏழு ஆண்டுகள் அப்டேட் தருவதாக அந்த நிறுவனங்கள் அறிவித்தன. அந்த ஆண்டுகள் மாடல் சந்தைக்கு வந்த நாளிலிருந்து எண்ணப்படுகின்றனவே தவிர, நாம் வாங்கிய நாளிலிருந்து அல்ல. விலை குறைந்த மாடல்களுக்கு இந்தக் காலம் பெரும்பாலும் இன்னும் குறைவு. பெரிய தள்ளுபடியில் வரும் பழைய மாடலின் விலையை, மிச்சமிருக்கும் அப்டேட் ஆண்டுகளால் வகுத்துப் பார்த்தால், பல சமயம் அது மலிவான போனாக இருப்பதில்லை. இந்தக் கணக்கைப் போட்டுத்தான் நான் புதிதாக வந்த ஒரு நடுத்தர விலைப் போனை வாங்கினேன்.

அக்காவின் நிலை வேறு. மாமாவுக்கு நாகலூர் தாண்டி ஒரு காபி எஸ்டேட்டில் வேலை. அங்கே அக்காவின் போனில் மதியத்துக்குள் சார்ஜ் தீர்ந்துவிடும். போன் பழசாகிவிட்டது, 5ஜி போன் வாங்கினால் சரியாகிவிடும் என்று மாமா உறுதியாக நம்பினார். ஆனால் அதே போன், அக்கா சேலத்தில் எங்கள் வீட்டில் தங்கும் நாட்களில் இரவு வரை தாங்குவதை நான் கவனித்திருந்தேன். மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போதே சிக்னல் கோடுகள் கூடிக் குறைவதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். சிக்னல் நலிந்த இடத்தில் டவரை எட்டுவதற்காகப் போன் தன் சிக்னலை அனுப்பும் சக்தியைக் கூட்டுகிறது, விட்டுவிட்டுத் தேடவும் செய்கிறது. சார்ஜ் கரைவது அங்கேதான். இந்தியாவில் 2022 அக்டோபர் 1 அன்று தொடங்கிய 5ஜி சேவையில் பெரிதும் பயன்படும் 3.5 கிகாஹெர்ட்ஸ் அலை, மலைச்சரிவையும் அடர்ந்த மரங்களையும் தாண்டுவதில் 700 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைகளுக்கு ஈடாகாது. எனவே பெட்டியில் 5ஜி என்று எழுதியிருப்பதைவிட, நாம் இருக்கும் இடத்துக்கு வரும் அலைவரிசையைப் போன் பிடிக்குமா என்பதே மலையில் முக்கியம்.

அக்கா வீட்டில் பிராட்பேண்ட் இணைப்பு உண்டு. டவர் சிக்னலுக்குப் பதிலாக அந்த இணைப்பின் வழியே பேசுவதற்காக, போனில் வைஃபை வழி அழைப்பை இயக்கிவைத்தோம். பேட்டரியும் ஓரளவு தேய்ந்திருந்ததால், நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் புதியது போட்டோம். புதுப் போனின் விலையோடு ஒப்பிட்டால் அது சிறிய தொகைதான். லித்தியம் பேட்டரிகள் சில நூறு முறை முழுச் சார்ஜ் ஏறி இறங்கிய பின் தேய்வது இயல்பு. ஐபோன் 14 வரையிலான மாடல்களுக்கு 500 சுற்றுகளிலும், 15 வரிசைக்கு 1000 சுற்றுகளிலும் 80 விழுக்காடு கொள்ளளவு எஞ்சும்படி வடிவமைத்திருப்பதாக ஆப்பிளே சொல்கிறது. அக்காவின் போனுக்குப் பாதுகாப்பு அப்டேட் இன்னும் வந்துகொண்டிருப்பதால், அதை மாற்றும் பேச்சை அத்துடன் விட்டுவிட்டோம்.

பழைய போனை எக்ஸ்சேஞ்சில் கொடுப்பவர்கள், யுபிஐ செயலிகளை நீக்கி, கூகுள் கணக்கிலிருந்து வெளியேறிய பிறகே முழுவதும் அழித்துக் கொடுங்கள். இல்லையென்றால் அடுத்தவர் கையில் அது பூட்டியே கிடக்கும். பழைய போன் வாங்குபவர்கள் *#06# அழுத்தி வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை (போனின் அடையாள எண்) மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் சரிபார்த்த பிறகு பணம் கொடுங்கள்.

ஏற்காடு மலையில் மஞ்சக்குட்டை, வெள்ளக்கடை, வாழவந்தி பக்கம் இருப்பவர்கள், உங்கள் வீட்டுக்குள் எந்த நிறுவனத்தின் சிக்னல் நிலையாக வருகிறது என்று எழுதுங்கள். மாமாவுக்கு அடுத்து அந்தப் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் வேலை அமையும்போல் இருக்கிறது. சிம் மாற்ற வேண்டுமா என்பதை அதை வைத்துத்தான் முடிவுசெய்ய வேண்டும்.